ஓடும் இலக்கும் ஓயாத குழலும்

துரோணர் தம் மாணாக்கருக்கு வைத்த வில் தேர்வின் கதையை நம்மில் கேளாதவர் இல்லை. மரக்கிளையில் ஒரு பொம்மைப் பறவை. மற்றவர்களுக்கு மரமும் கிளையும் இலையும் தெரிய, அருச்சுனனுக்கு மட்டும் பறவையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பறவை அசையாப் பறவை. திரௌபதியின் சுயம்வரத்தில் வைக்கப்பட்டதோ சுழன்றுகொண்டிருந்த மீன் என்று கதை சொல்வோர் சொல்வர். இவ்விரண்டையும் ஒரே வீரன் செய்து முடித்தான் என்பதால் இரண்டும் ஒரே திறமை என்று நாம் எண்ணிவிடுகிறோம். இன்றைய துப்பாக்கி சுடும் விளையாட்டை அறிந்தவர்களோ, இரண்டும் வெவ்வேறு கலைகள், ஒன்றில் உதவுவது மற்றொன்றில் கெடுக்கும் என்கின்றனர்.

ஒலிம்பிக் போட்டிகளில் ரைஃபிள் சுடுபவரைப் பாருங்கள். மூச்சை அடக்கி, உடலைச் சிலைபோல் நிறுத்தி, குறிமுனையை இலக்கோடு பொருத்தி, விசையை மெல்ல அழுத்துகிறார். இரட்டைக்குழல் துப்பாக்கியால் பறக்கும் இலக்கைச் சுடுபவர் அவ்வாறு செய்தால் ஒரு தட்டையும் உடைக்கமாட்டார். அவர் குறி பார்க்கவே கூடாது. குழல் எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தாலும் போதும், இலக்கு தப்பிவிடும். ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே காண இருக்கிறோம்.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லத் தாய்மார்கள் முகம் சுளிப்பது இயல்பே. உயிர் கொல்லும் கருவியில் கலை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே கேட்கப்பட்ட கேள்விதான். இதற்கு இலக்காக முதலில் அமைந்தவை உயிருள்ள புறாக்களே. புறாவைச் சிறு பெட்டியில் அடைத்து வைத்து, சுடுபவர் குரல் கொடுத்ததும் கயிற்றை இழுத்துப் பெட்டியைத் திறப்பார்கள். பறந்தெழும் புறாவைச் சுட்டு வீழ்த்துவார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகளையொட்டி இத்தகைய போட்டி ஒன்று நடந்தது. ஏறத்தாழ 300 புறாக்கள் மடிந்தன. 21 புறாக்களைக் கொன்ற பெல்ஜிய நாட்டு லியோன் தெ லுந்தன் முதலிடம் பெற்றார். அந்தக் காட்சி மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. பிரிட்டன் 1921ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, அடைத்து வைத்த பறவைகளை விடுவித்துச் சுடுவதைத் தடை செய்தது.

புறாவுக்கு மாற்று அதற்கு முன்பே தேடப்பட்டு வந்தது. அமெரிக்கரான கேப்டன் போகார்டஸ் கண்ணாடி உருண்டைகளை எறியும் பொறி ஒன்றுக்கு 1877ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். உருண்டை உடையும்போது பறவை விழுவதுபோல் தோன்ற வேண்டும் என்று அதனுள் இறகுகளை அடைப்பதும் உண்டாம்! கண்ணாடிச் சில்லுகள் நிலமெங்கும் சிதறியதுதான் மிச்சம். உருண்டை பறந்த விதமும் பறவையை ஒத்திருக்கவில்லை. 1880ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி களிமண்ணால் சுட்ட சிறு தட்டு ஒன்றை உருவாக்கினார். நீர்ப்பரப்பில் தட்டையான ஓடுகளைச் சிறுவர்கள் எறிந்து தத்தவிடுவதைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்பார்கள். நம் ஊர்க் குளத்தில் ஓட்டாஞ்சில் எறிந்து தவளை விடும் சிறுவர்களுக்கு இதன் தத்துவம் நன்றாகவே புரியும். சுழன்றுகொண்டே செல்லும் தட்டு காற்றில் மிதந்து நெடுந்தூரம் போகிறது.

இன்றைய தட்டில் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து வார்த்த பொருள் அது. குறுக்களவு 11 செ.மீ., எடை 105 கிராம். ஆயினும் அதன் பெயர் இன்றளவும் ‘களிமண் புறா’தான். அதை வீசச் சொல்லிச் சுடுபவர் எழுப்பும் குரலும், அன்று கயிற்றை இழுக்கச் சொன்ன அதே ‘இழு’ என்னும் ஆங்கிலச் சொல்தான். புறாக்கள் விடுதலை பெற்றுவிட்டன. சொற்கள் மட்டும் கூண்டிலேயே இருக்கின்றன.

கோழிப்பண்ணை செய்த மாற்றம்

களிமண் புறாவைச் சுடும் போட்டிகளில் ஸ்கீட் என்பது ஒன்று. ஓடும் இலக்கின் கணக்கை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அது பிறந்த விதமும் சுவையானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்னும் ஊரில் சார்லஸ் டேவிஸ் என்னும் வேட்டைப் பிரியர் இருந்தார். பறவை எந்தத் திசையில் பறந்தாலும் சுடப் பழக வேண்டும் என்று, 1920ஆம் ஆண்டையொட்டி, தம் நிலத்தில் பெரிய வட்டம் ஒன்றை வரைந்தார். கடிகாரத்தின் எண்களைப் போல் சுற்றிலும் 12 இடங்களைக் குறித்தார். 12 மணி இருக்குமிடத்தில் தட்டு வீசும் பொறியை வைத்து, வட்டத்தைச் சுற்றிவந்து ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரண்டு தோட்டாக்கள் சுட்டார். பெட்டியில் 25 தோட்டாக்கள். எஞ்சிய ஒன்றை நடுமையத்தில் நின்று சுட்டார்.

சில ஆண்டுகளில் பக்கத்து நிலத்துக்காரர் கோழிப்பண்ணை வைத்தார். வட்டத்தின் ஒரு பாதியிலிருந்து சுட்டால் ஈய ரவைகள் கோழிகளின் மேல் மழையாய்ப் பொழியும். என்ன செய்வது? டேவிஸ் வட்டத்தைப் பாதியாக மடித்தார். 6 மணி இருந்த இடத்தில் இன்னொரு பொறியை வைத்து, எதிர்த்திசையிலும் தட்டு வீசச் செய்தார். அண்டை வீட்டுக் கோழிகளுக்காகச் செய்த இந்த ஏற்பாடே ஆட்டத்தின் நிலையான வடிவமாயிற்று. அவருடைய தோழர் வில்லியம் ஹார்ன்டன் ஃபாஸ்டர் இதைப் பத்திரிகை வாயிலாக நாடெங்கும் பரப்பினார். 1926ஆம் ஆண்டு இதற்குப் பெயர் சூட்டும் போட்டியும் நடந்தது. மொன்டானா மாநிலத்துக் கெர்ட்ரூட் ஹர்ல்பட் என்னும் பெண்மணி, ‘சுடு’ எனப் பொருள்படும் ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து ‘ஸ்கீட்’ என்ற பெயரை அமைத்து அனுப்பி 100 டாலர் பரிசு பெற்றார்.

இன்றைய ஒலிம்பிக் ஸ்கீட் களத்தில் அரைவட்ட வில்லின்மேல் ஏழு நிலைகளும், நடுவில் எட்டாவது நிலையும் உண்டு. இடப்புறம் உயர்கூடு. தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் அதிலிருந்து தட்டு வெளிப்படும். வலப்புறம் தாழ்கூடு. அதில் தட்டு வெளிப்படுவது 1.05 மீட்டர் உயரத்தில். சுடுபவர் துப்பாக்கியின் பின்கட்டையை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்து நிற்க வேண்டும். அவர் குரல் கொடுத்தபின் தட்டு உடனேயும் வரலாம், மூன்று வினாடி கழித்தும் வரலாம். ஒரு தட்டுக்கு ஒரு தோட்டாதான்.

நீர்க்குழாயும் ஓடும் கோழியும்

தோட்டத்தில் ரப்பர்க் குழாயால் செடிகளுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறோம். பாத்தியைக் கிளறும் கோழியைக் கண்டு அதன்மேல் நீரைப் பீய்ச்சுகிறோம். கோழி குறுக்காக ஓடுகிறது. கோழியைப் பார்த்தே பீய்ச்சினால் நீர் அதன் வாலுக்குப் பின்னால்தான் விழும். கோழிக்கு முன்னால் குழாயை நீட்டி, அது ஓடும் வேகத்திலேயே குழாயையும் திருப்பிக்கொண்டு போனால் கோழி நனையும். கோழியை நனைத்துவிட்ட மகிழ்ச்சியில் கையை நிறுத்தினால் அடுத்த கணமே நீர் மீண்டும் பின்தங்கிவிடும். பறக்கும் இலக்கைச் சுடும் கலை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது எனலாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 12 போர் துப்பாக்கியின் போட்டித் தோட்டாவில் 24 கிராம் ஈய ரவைகள், எண்ணிக்கையில் ஏறத்தாழ முந்நூறு, இருக்கும். குழல்வாயை விட்டு வினாடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அவை காற்றின் தடையால் விரைவிலேயே வேகம் குறைகின்றன. 20 மீட்டர் தொலைவைக் கடக்க வினாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிறது. இமைப்பொழுதிலும் குறைந்த நேரம்தான். ஆனால் தட்டோ மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 22 மீட்டர் வீதம் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறது. அந்த இருபதில் ஒரு பங்கு வினாடியில் அது 1 மீட்டருக்கும் சற்று அதிகமாகவே நகர்ந்துவிடும். தட்டின் அகலத்தைப்போல் பத்து மடங்கு! அத்தொலைவில் ரவைகள் விரியும் பரப்போ குறுக்களவில் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே தட்டையே பார்த்துத் துல்லியமாகச் சுட்டவரின் முந்நூறு ரவைகளும், ஒன்றுகூடப் படாமல், தட்டுக்குப் பின்னால் வெறும் காற்றைத் துளைத்துச் செல்லும். துல்லியமாகச் சுட்டதால்தான் தவறிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

எனவே தட்டுக்கு முன்னால் சுட வேண்டும். இதை அறிந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. தட்டுக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி சரிதானா என்று அளந்து பார்க்கும் ஆசை எழுகிறது. அளக்க வேண்டுமானால் கண் தட்டை விட்டுக் குழல்முனைக்கு வரவேண்டும். கண் அருகில் வந்த அக்கணமே தொலைவில் உள்ள தட்டு மங்குகிறது, அதன் வேகம் மனத்திலிருந்து நழுவுகிறது, அதைப் பின்தொடர்ந்த கைகளும் தம்மையறியாமல் நின்றுவிடுகின்றன. நின்ற குழலிலிருந்து புறப்படும் ரவைகள், இடைவெளி எத்துணைச் சரியாக இருந்திருப்பினும், பின்தங்கியே போகும். குறுக்கே பறக்கும் தட்டு தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. பயிற்சியாளர்கள் ‘தட்டைப் பார், தட்டைப் பார்’ என்று சலியாமல் கூறுவது இதனால்தான்.

முன்னால் சுடும் முறைகளில் மூன்று பெரு வழக்கில் உள்ளன. முதல் முறையில் குழல் எப்போதும் தட்டுக்கு முன்னாலேயே, ஒரே இடைவெளியில், அதே வேகத்தில் செல்லும். இரண்டாம் முறையில் குழல் தட்டுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, அதை எட்டிப்பிடித்து, முந்திச் செல்கையில் விசை அழுத்தப்படும். அப்போது குழலின் வேகம் தட்டின் வேகத்தைவிட மிகுதியாதலால், கண்ணுக்குத் தெரியும் இடைவெளி சிறிதாகவே இருக்கும். மூன்றாம் முறை இரண்டுக்கும் நடுவழி. குழல் தட்டோடு சேர்ந்தே சிறிது தூரம் சென்று, பிறகு அதைவிட்டு முன்னோக்கி நகரும். லண்டன் துப்பாக்கி வினைஞர் ராபர்ட் சர்ச்சில் (1886-1958) போன்றோர் இந்த அளவுகளையே ஏற்கவில்லை. பறவையை மட்டும் பார், துப்பாக்கி உன் கண் போன இடத்துக்கு வரும், முந்த வேண்டிய தூரத்தை உன் உடலே அறியும் என்பது அவர் கட்சி. புதரிலிருந்து எதிர்பாராமல் எழும் பறவைக்கு அவர் கூறியது பொருந்தும். ஆனால் ஸ்கீட்டில் தட்டின் பாதையும் வேகமும் முன்கூட்டியே தெரிந்தவை. தெரிந்த பாதைக்கு முதல் முறையே ஏற்றது என்பது நம் கருத்து. சிறந்த வீரர்களிடம் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எம்முறையைக் கொண்டாலும் அடிப்படைகள் சில மாறா. முதலாவது, கண். நம் இரு கண்களில் ஒன்று தலைமைக் கண். இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, அதன் வழியே தொலைவிலுள்ள விளக்கைப் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கையில் விளக்கு மறையாமல் நிற்கிறதோ அதுவே தலைமைக் கண். வலத்தோளில் சுடுபவருக்கு இடக்கண் தலைமையாக இருந்தால் ரவைகள் இடப்புறம் விலகிப் போகும். அத்தகையோர் இடத்தோளுக்கு மாறுவதோ, கண்ணாடியில் இடக்கண்ணுக்கு நேரே சிறு மறைப்பு ஒட்டுவதோ வழக்கம். மற்றவர்கள் இரு கண்களையும் திறந்தே சுடுவது நலம். ஒரு கண்ணால் வேகத்தையும் தொலைவையும் மதிப்பிடுவது கடினம்.

இரண்டாவது, கன்னம். இந்தத் துப்பாக்கியில் கண்ணருகே பின்குறி எதுவும் கிடையாது. கண்ணே பின்குறி. கட்டையில் கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படிய வேண்டும். தட்டு உடைந்ததா என்று பார்க்கும் ஆவலில் தலையை 1 செ.மீ. உயர்த்திவிட்டாலும், 20 மீட்டர் தொலைவில் ரவைகள் ஏறத்தாழ 20 செ.மீ. மேலே போகும். துப்பாக்கி கன்னத்துக்கு வரவேண்டுமேயன்றிக் கன்னம் துப்பாக்கிக்குக் குனியலாகாது.

மூன்றாவது, கால். தட்டை உடைக்க எண்ணும் இடத்தை நோக்கிப் பாதங்களை நிறுத்தி, பிறகு இடுப்பைக் கூட்டின் பக்கம் திருப்பிக் காத்திருக்க வேண்டும். தட்டு வந்ததும் முறுக்கிய உடல் தானே அவிழ்வதுபோல் திரும்பும். கூட்டை நோக்கிப் பாதங்களை வைத்தவர் பாதி வழியில் உடல் இறுகிக் குழலை நிறுத்திவிடுவார். கைகளால் மட்டும் துப்பாக்கியைத் தள்ளுபவர் கதியும் அதுவே. குழல்முனையையும் கூட்டின் வாயருகே வைக்கக் கூடாது. தட்டு அதைத் தாண்டி ஓடிவிடும். பாதையில் சற்று முன்னே தள்ளிக் குழலை வைத்து, கண்ணை மட்டும் கூட்டின் பக்கம் செலுத்த வேண்டும்.

முன்னேற வேண்டிய தூரமும் நிலைக்கு நிலை மாறும். முதல் நிலையில் நிற்பவரின் தலைக்கு மேலிருந்து உயர்கூட்டுத் தட்டு விலகிச் செல்வதால் அதன் சற்றுக் கீழே சுட்டால் போதும். நான்காம் நிலையில் தட்டு நேர்குறுக்கே பறக்கும். மேலே கண்ட 1 மீட்டர்க் கணக்கு அங்கேதான். எட்டாம் நிலை டேவிஸின் இருபத்தைந்தாம் தோட்டாவின் எச்சம். கூட்டுக்கு 18.4 மீட்டர் தொலைவில், நட்டநடுவில் நிற்பவரை நோக்கித் தட்டு பாய்ந்து வரும். அது தம்மைக் கடக்குமுன் உடைக்க வேண்டும். இடுப்பிலிருந்து துப்பாக்கியை உயர்த்திச் சுட்டு முடிக்க ஒரு வினாடியும் கிடையாது. முதன்முறை காண்பவர்களுக்கு இது கண்கட்டு வித்தைபோல் தோன்றும். உண்மையில் குழல் தட்டை மறைத்து முந்தும் கணத்தில் விசையை அழுத்துவதே அதன் இரகசியம்.

களத்தில் கட்டுப்பாடு கடுமையானது. சுடும் நிலையில் நிற்பவரைத் தவிர மற்றவர் துப்பாக்கிகள் திறந்து, குண்டின்றி இருக்க வேண்டும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும்.

தசை வலிமைக்கு இந்த ஆட்டத்தில் பெரிய இடம் இல்லை. இதை உலகம் கண்டது 1992ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில். 1968 மெக்ஸிகோ போட்டிகளில் ஸ்கீட் சேர்க்கப்பட்டபோது ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. பார்சலோனாவில் சீனத்தின் ஜாங் ஷான் என்னும் 24 வயதுப் பெண் முதல் 200 தட்டுகளில் ஒன்றையும் தவறவிடவில்லை. மொத்தம் 225இல் 223 உடைத்துத் தங்கப் பதக்கம் வென்றார். பெரு, இத்தாலி நாடுகளின் ஆண்கள் அவருக்குப் பின்னால் நின்றனர். அடுத்த 1996 அட்லாண்டா போட்டிகளில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாயிற்று. வென்றவர் தம் பட்டத்தைக் காக்கக் களமிறங்கவே வழியில்லாமல் போயிற்று. நீதி இதுவா என்று எவரும் கேட்கலாம். பெண்களுக்கெனத் தனி ஸ்கீட் போட்டி 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் வந்தது. அமெரிக்காவின் கிம் ரோட் 2012ஆம் ஆண்டு லண்டனில் அதில் 100க்கு 99 உடைத்துத் தங்கம் பெற்றார். 1996 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்றவர் அவர்.

நம் நாட்டில் இக்கலை அரண்மனைகளிலிருந்து வந்தது. பிகானீர் மன்னர் கங்கா சிங் காலத்தில் கஜ்னேர் ஏரிக்கரையில் கல்கௌதாரிப் பறவைகளை வேட்டையாட ஆங்கில அதிகாரிகள் திரள்வார்கள். அவருடைய பேரன் கர்ணி சிங் களிமண் புறாவுக்கு மாறினார். அவர் சுட்டது டிராப் வகை. அதில் தட்டு பள்ளத்திலிருந்து எழுந்து சுடுபவரை விட்டு விலகி ஓடும், இரண்டு தோட்டாக்கள் உண்டு. 1962ஆம் ஆண்டு கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அவர், 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டைக்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தபின், இந்நாட்டில் துப்பாக்கிக்குப் பறக்கும் இலக்கு களிமண் புறா ஒன்றுதான். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸில் இராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இரட்டை டிராப்பில் வெள்ளி வென்றார். நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் களத்தில் நின்றார்.

அதே 2024 ஆகஸ்டில், பாரிஸுக்குத் தெற்கே ஷாத்தோரு நகரத்துக் களத்தில், ஆணும் பெண்ணும் இணைந்து சுடும் ஸ்கீட் போட்டியில் மகேஸ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நரூகாவும் வெண்கலப் பதக்கத்துக்காகச் சீன இணையை எதிர்த்து நின்றனர். இந்தியா 43, சீனா 44. நான்காம் இடத்தோடு திரும்பிய அந்த இருவருக்கும் பதக்கத்துக்கும் இடையே நின்றது 11 செ.மீ. அகலமுள்ள ஒரே ஒரு தட்டு.